மறு: வலசை சரி, கண்ணில் பட்டதற்கு என்ன சொல்?

வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இடம்விட்டு இடம் போவதற்குத் (migration) தமிழில் என்ன சொல் என்று கேட்டிருந்தீர்கள். 'புலம்பெயர்' வேண்டாம் என்று நீங்கள் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான், இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். வலசையே இருக்கட்டும். போனது திரும்பாத பூச்சிக்கு அது பொருந்தாது என்று எழுதியிருந்தீர்கள். பறவைகளோடு சேர்த்தே கேட்டுப் பழகியதால் அப்படித் தோன்றுகிறது. அகராதிப்படி வலசை என்பது படைக்கு அஞ்சி ஊரைவிட்டுக் கிளம்புவது, திரும்பி வருவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மொனார்க் வண்ணத்துப்பூச்சியும் அப்படித்தானே? வசந்தத்தில் மெக்சிகோ மலைக்காட்டிலிருந்து வடக்கே கிளம்பியது வழியிலேயே முட்டையிட்டு மடிந்துவிடும், இலையுதிர் காலத்தில் அதே காட்டுக்கு வந்து சேர்வது அதன் பேரப்பிள்ளையோ கொள்ளுப்பேரப்பிள்ளையோ.

என் சிக்கல் வேறு. வெளியில் நின்று பார்க்கிறவர் கண்ணில் வலசை படுவதே இல்லை. எல்லாம் ஒரே பக்கமாகப் போகின்றன, பூவில் உட்காரவில்லை, சுவர் குறுக்கிட்டால் சுற்றிப் போகாமல் மேலேறித் தாண்டி மறுபடி அதே திசையைப் பிடிக்கின்றன. நாம் கண்டது அவ்வளவுதான். எங்கிருந்து, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் ஊகம். குறிப்பேட்டில் 'வலசை' என்று எழுதும்போது முடிவையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம். அதனால் கண்டதற்கு மட்டும் 'திசைப்பறப்பு' என்று வைக்கலாமா? 'ஒருதிசைப் பறத்தல்' என்றாலும் பொருள் வரும், ஆனால் நீளம். 'காலை 9.10, தென்கிழக்குத் திசைப்பறப்பு, 5 நிமிடத்தில் குறித்த கோட்டினைக் கடந்தவை 40' என்று எழுதிப் பாருங்கள், கைக்கு இலகுவாக வருகிறது.

இனத்தை அடையாளம் காண்பதிலும் இதே அவசரம்தான். கேட்டோப்சிலியா பொமோனா (Catopsilia pomona) என்ற வண்ணத்துப்பூச்சியில் உணர்கொம்பு சிவப்பாக ஒரு வடிவம், கறுப்பாக ஒரு வடிவம். ஒரு காலத்தில் இரண்டையும் தனித்தனி இனமாகவே வைத்திருந்தார்கள். அதே பேரினத்தைச் (genus) சேர்ந்த பிரான்தேவுக்குச் (Catopsilia pyranthe) சிறகின் அடிப்புறத்தில் பொடிப்பொடியாகப் பழுப்புக் கீற்றுகள் இருக்கும். உட்கார்ந்தால் பார்க்கலாம், ஆனால் திசைப்பறப்பில் போவது எங்கே உட்காருகிறது! அப்போது கேட்டோப்சிலியா என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டு பூச்சி ஒரே பக்கம் போனாலும் திசைப்பறப்பு என்று யாராவது எழுதிவிடலாம். குறைந்தது எத்தனை பூச்சி, எவ்வளவு நேரம் என்று வரையறையில் வரவேண்டும். அதற்கு உங்கள் கணக்கு என்ன?