ஸ்க்வெக்கிங்: தமிழ்ச் சொல் தேவை, வெள்ளிக்கிழமைக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

வால்வு வானொலிப் பழுதுபார்ப்புக் கையேட்டின் அலையியற்றி (ஆசிலேட்டர்) அதிகாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் பாக்கி: ஸ்க்வெக்கிங். அலைவு அடியோடு நின்றால் 'அலைவு நிறுத்தம்', அதிர்வெண் மெல்ல நகர்ந்தால் 'நழுவல்' என்று எழுதிவிட்டேன். இது இரண்டிலும் சேராது. அலைவு எழும், அடங்கும், மறுபடி எழும். 'விட்டுவிட்டு அலைதல்' என்று போட்டால், படிப்பவர் தளர்ந்த சாலிடரைத் தேடப் போய்விடுவார்.

*

ஐயா, காரணத்தைப் பிடித்தால் சொல் தானே வரும். இசிஎச் 81 வால்வில் அலையியற்றி கிரிட்டுக்கு (எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) 47 கிலோ ஓம் கசிவுத் தடை, 50 பிக்கோஃபாரட் மின்தேக்கி என்று கொள்வோம். பெருக்கினால் வடியும் கால அளவு (நேர மாறிலி) 2.35 மைக்ரோவினாடி. கிரிட்டில் சேரும் எதிர்மின்னூட்டம் உடனுக்குடன் வடிந்துவிடும். பழைய கார்பன் தடை 1 மெகா ஓமுக்கு ஏறிவிட்டால் அதுவே 50 மைக்ரோவினாடி. மின்னூட்டம் வடியாமல் தேங்கி வால்வை அடைத்துவிடும். வடிந்த பிறகே அலைவு மீளும். ஒரே நிலையம் முள்ளின் பல இடங்களில் சீறலோடு கேட்பது இதனால்தான்.

தொண்டை அடைத்து விடுவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: விக்கு + அலைவு = விக்கலைவு. வினைத்தொகை. குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது.

*

> விக்கலைவு

புணர்ச்சி சரி, பொருள் சரியில்லை. விக்கல் உடலுக்கு உரியது. அதிலும் வள்ளுவர் 'நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்' (335) என்று இறுதி மூச்சுக்கு ஆண்ட சொல். 'உள்' தொழிற்பெயர் விகுதி என்பதை நன்னூல் அறிந்தோர்க்குச் சொல்ல வேண்டாம். வானொலியோ சாகவில்லை, திரும்பத் திரும்ப மீள்கிறது.

என் பரிந்துரை 'இடையறல்'. இடையறுதல் என்ற வினை இருக்கிறது. அதோடு 'அறல்' என்பது ஆற்றுநீர் வடிந்த கருமணலில் படியும் அலைவரி. சங்கப் பாடல்கள் கூந்தலுக்கு உவமை சொல்லும் அதே அறல். அறுதலும் அலையும் ஒரே சொல்லில்! போகிற போக்கில்: 'அலையியற்றி' பிழை. இயற்றப்படுவது அலைவு, 'அலைவியற்றி' என்றே வர வேண்டும். கிரிட்டையும் 'நெய்யரி' ஆக்கலாம். நெய்யை அரிப்பதுபோல் எலெக்ட்ரானை அரிக்கிறது.

*

அம்மா, அறல் அழகுதான். ஆனால் சாலிடர் இரும்பைக் கையில் பிடித்திருப்பவர் 'இடையறல்' என்று படித்ததும் கம்பி அறுந்தது என்றே நினைப்பார், தொடர்ச்சிச் சோதனை செய்வார், அரை நாள் வீண். கிரிட்டை நெய்யரி ஆக்கினால் சுற்றுப்படத்தோடு ஒப்பிடவே முடியாது.

சொல் எதுவானாலும் சோதனையை அதன் கீழேயே தாருங்கள். 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மீட்டரின் முனையில் 1 மெகா ஓம் தடையைத் தொடராக வைத்துக் கிரிட்டைத் தொடவும். தடை இல்லாவிட்டால் மீட்டர் கம்பியே அலைவைக் கெடுக்கும். கசிவுத் தடையில் 200 மைக்ரோஆம்பியர் ஓடினால் மைனஸ் 9.4 வோல்ட், தொடர் தடையால் மீட்டர் சுமார் 8.5 காட்டும். சுழியத்தை ஒட்டி இருந்தால் நிறுத்தம். முள்ளைத் திருப்பும்போது மின்னழுத்தம் சட்டென்று குதித்தால் இந்தப் பழுது. மின்சாரத்தைத் துண்டித்து, வடிகட்டி மின்தேக்கிகளை வெறுமையாக்கி, கசிவுத் தடையின் ஒரு காலைக் கழற்றி அளக்கவும். புதுத் தடை போட்டும் தீரவில்லையா? கிரிட் காலோடு ஒட்டி 22 முதல் 100 ஓம் வரை ஒரு தடையைத் தொடராகச் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும்.

'விக்கலைவு' கேட்டவுடன் புரிகிறது. என் வாக்கு அதற்கு.

*

எனக்கும் அதுவே. 'திணறலைவு' சொல்ல நினைத்தேன். திணறலில் நின்று மீளும் ஒழுங்கு இல்லை.

*

நன்றி. இதுவரை மூவர் விக்கலைவு பக்கம். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். முதல்முறை வருமிடத்தில் 'ஸ்க்வெக்கிங் எனும் விக்கலைவு' என்று இருக்கும். கிரிட் கிரிட்டாகவே இருக்கட்டும். 'அலைவியற்றி' இலக்கணப்படி சரியே. ஆனால் முந்தைய எட்டு அதிகாரங்களில் 'அலையியற்றி' ஏறிவிட்டது. இப்போது மாற்ற நேரமில்லை.

*

எட்டு அதிகாரத்தில் இருப்பதால் பிழை சரியாகிவிடாது. அடுத்த பதிப்பில் 'அலைவியற்றி' வர வேண்டும். 'இடையறல்' சொல்லடைவிலாவது ஒரு வரி பெறட்டும்.