அமெரிக்காவில் எக்ஸ்ரே டெக் வேலை: எவ்வளவு கிடைக்கும், எப்படி ஏறும்

ஊரில் ரேடியோகிராபி படித்துவிட்டு அமெரிக்கா வந்தவர்கள் முதலில் கேட்பது "இங்கே ரேடியாலஜிக் டெக்னாலஜிஸ்ட்டுக்கு, அதாவது எக்ஸ்ரே டெக்குக்கு, என்ன சம்பளம்?" என்றுதான். தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் மே 2024 கணக்குப்படி இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 77,660 டாலர். அதாவது பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ். எம்.ஆர்.ஐ. டெக் என்றால் 88,180. ஆனால் மருத்துவமனைகளில் பேச்சு மணிக்கணக்கில்தான் நடக்கும். முழுநேர வேலை என்பது ஆண்டுக்கு 2,080 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் எக்ஸ்ரேக்கு மணிக்குச் சுமார் 37 டாலர், எம்.ஆர்.ஐ.க்குச் சுமார் 42. வேலை விளம்பரம் பார்க்கும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி கசப்பான பகுதி. ஊரில் பத்து வருடம் கேத் லேபில் (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடம்) நின்றவராக இருந்தாலும், ரேடியாலஜிக் டெக்னாலஜிஸ்ட்டுகளுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஏ.ஆர்.ஆர்.டி.யின் சான்றிதழ் இல்லாமல் இங்கே பெரும்பாலான மருத்துவமனைகள் உங்கள் ரெஸ்யூமேவைத் திரும்பிப் பார்க்காது. அந்தத் தேர்வு எழுத, பொதுவாக ஏ.ஆர்.ஆர்.டி. ஏற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும்; குறைந்தது அசோசியேட் டிகிரியும் (இரண்டு வருடப் பட்டம்) வேண்டும். நடைமுறையில் இது கம்யூனிட்டி காலேஜில் ஏறக்குறைய இரண்டு வருடம், அதில் பெரும்பகுதி சம்பளமில்லாத கிளினிக்கல் பயிற்சி. உங்கள் பழைய படிப்பில் எவ்வளவைக் கழித்துக்கொள்வது என்பது அந்தந்தக் காலேஜின் முடிவு. அதனால் டிரான்ஸ்கிரிப்ட் மதிப்பீட்டை வாங்கி வைத்துக்கொண்டு புரோகிராம் டைரக்டரிடமே நேராகப் பேசுங்கள். அட்மிஷன் ஆபீஸில் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பல மாநிலங்களில் இதற்கு மேல் மாநில லைசென்ஸும் உண்டு. கலிபோர்னியாவில் ஃப்ளோரோஸ்கோபிக்கு (ஓடும் படமாகக் காட்டும் எக்ஸ்ரே) தனி பர்மிட் வேண்டும்.

எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்கள் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை செய்ய முடியாது, ஆனால் படிக்கலாம். காத்திருக்கும் காலத்தைப் படிப்புக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். கம்பெனி மாற்றலில் எல்-1 விசாவில் வந்தவரின் எல்-2 துணைவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் எல்-2எஸ் என்று இருந்தால் அதுவே வேலை உரிமை. வேலை உரிமை கையில் இருந்தால் ஒரு மருத்துவமனையில் டெக் எய்ட் (டெக்குக்கு உதவியாளர்) அல்லது டிரான்ஸ்போர்ட்டர் (நோயாளிகளை அழைத்துச் செல்பவர்) வேலையில் நுழைந்துவிடுங்கள். சம்பளம் சுமார்தான். ஆனால் பல இடங்களில் படிப்புச் செலவில் ஒரு பங்கைத் தருவார்கள். அதில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வரி கிடையாது. அப்புறம், டிபார்ட்மென்ட்டில் நாலு பேருக்கு முகம் தெரிந்திருக்கும்.

சான்றிதழ் கிடைத்த பிறகு சம்பளத்தை ஏற்றுவது எது? நம் ஆட்கள் அனுபவ ஆண்டுகளைத்தான் சொல்வார்கள். வருடாந்திர உயர்வு வரும், மெதுவாக வரும். பெரிய தாவல் மோடாலிட்டி, அதாவது ஸ்கேன் வகை, மாறும்போதுதான். எக்ஸ்ரே சான்றிதழ் இருந்தால் சி.டி.க்கு மறுபடி காலேஜ் போக வேண்டியதில்லை: 16 மணி நேர வகுப்புப் படிப்பு, வேலையிலேயே செய்து கணக்குக் காட்டும் ஸ்கேன்கள், பிறகு ஒரு தேர்வு. எம்.ஆர்.ஐ., மேமோகிராபி (மார்பக எக்ஸ்ரே) இரண்டுக்கும் இதே வழி உண்டு. கஷ்டம் தேர்வில் இல்லை, ஸ்கேன் செய்ய யார் இடம் கொடுப்பார்கள் என்பதில்தான். கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் ரேடியேஷன் தெரபிஸ்ட்டின் இடைநிலைச் சம்பளம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், ஆனால் அது தனிப் படிப்பு. ஸ்கேன் எடுப்பதைவிடப் புற்றுநோயாளிகளோடு வாரக்கணக்கில் பழகுவது பிடித்தவர்களுக்கான வேலை.

அடுத்தது ஷிஃப்ட். இரவுக்கும் வார இறுதிக்கும் கூடுதல் ரேட் தரவேண்டும் என்று ஃபெடரல் சட்டம் எதுவும் இல்லை. மருத்துவமனையின் கொள்கையையோ யூனியன் ஒப்பந்தத்தையோ பொறுத்தது. அதனால் இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் இருக்கும். ஓவர்டைம் சட்டப்படி ஒன்றரை மடங்கு. வழக்கமாக வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வந்தால் கணக்கு தொடங்கும். ஆனால் மருத்துவமனைகள் வேறு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்: ஒரு நாளில் 8 மணி நேரம் அல்லது 14 நாளில் 80 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம். உங்கள் இடத்தில் எந்த முறை என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள், பே ஸ்டப்பைச் சரிபார்க்கும்போது உதவும்.

பெர் டியம் வேலையில் (தேவைப்படும் நாளுக்கு மட்டும் கூப்பிடுவது) மணி ரேட் அதிகம்தான், ஆனால் இன்சூரன்ஸ், லீவு பெரும்பாலும் இருக்காது. துணைவரின் இன்சூரன்ஸில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். வெளியூருக்குப் போய்த் தற்காலிகமாக வேலை செய்யும் டிராவல் டெக் ஒப்பந்தங்கள், பெரும்பாலும் 13 வாரம், கண்ணைப் பறிக்கும் தொகை காட்டும். அதில் பெரும்பகுதி வரியில்லாத தங்கும் படி, சாப்பாட்டுப் படி. வேறொரு ஊரில் உங்களுக்கு உண்மையான நிரந்தர வசிப்பிடச் செலவு இருந்தால்தான் அந்த வரி விலக்கு. பெட்டியோடு ஊர் ஊராகச் சுற்றும் புதியவருக்கு அந்தப் படி முழுக்க வரிக்கு உட்பட்டது. ரெக்ரூட்டர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மாநிலம் பற்றி ஒரு வரி: சம்பளத்தில் கலிபோர்னியா முன்னணியில் இருக்கிறது, வாடகையிலும் மாநில வருமான வரியிலும் அப்படியே. டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது. எங்கே இருந்தாலும் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்த்து 7.65 சதவீதம் சம்பளத்திலிருந்து போகும்.

ஆஃபர் வந்ததும் கையெழுத்துக்கு முன் ஆன்-கால் (கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பது) எத்தனை நாள், கூப்பிட்டால் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரச் சம்பளம், சி.டி.யில் கிராஸ்-டிரெயினிங் (வேலையிலேயே இன்னொரு மோடாலிட்டியில் பயிற்சி) உண்டா என்று கேளுங்கள். கிராஸ்-டிரெயினிங்கை மின்னஞ்சலில் எழுதித் தரும் இடமாக இருந்தால், மணிக்கு இரண்டு டாலர் குறைவாக இருந்தாலும் நான் அங்கேதான் சேரச் சொல்வேன்.