மீடியா குவெரி எழுதியும் மொபைலில் பக்கம் சுருங்கித் தெரிகிறது

கேள்வி: கணினியில் ஒழுங்காக இருக்கும் எச்டிஎம்எல் பக்கம் மொபைலில் பொடிப்பொடி எழுத்தாகத் தெரிகிறது. 600 பிக்சலுக்கு மீடியா குவெரி (திரை அகலத்துக்கேற்ப வடிவமைப்பை மாற்றும் சிஎஸ்எஸ் விதி) எழுதியும் பலனில்லை. எல்லாமே டிவ் (தனிப் பொருள் இல்லாத பொதுப் பெட்டி டேக்) தான், வித் (அகலம்) 1200 பிக்சல். எங்கே தொடங்குவது?

பதில் 1: ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் (பக்கத்தை எந்த அகலத்தில் அமைப்பது என்று பிரவுசருக்குச் சொல்வது) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மொபைல் பிரவுசர் பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத்தில் அமைத்து, பிறகு சுருக்கிக் காட்டும். உங்கள் மீடியா குவெரி இயங்கவே இயங்காது. அந்த டேகில் வித்துக்கு டிவைஸ்-வித், இனிஷியல்-ஸ்கேலுக்கு 1 கொடுங்கள். யூசர்-ஸ்கேலபிள் நோ மட்டும் தயவுசெய்து வேண்டாம். பார்வை குறைந்தவர்கள் பெரிதாக்கிப் படிப்பதை அது தடுக்கும். அடுத்து, அந்த 1200 பிக்சல் வித்தை மேக்ஸ்-வித் ஆக்குங்கள். படங்களுக்கு மேக்ஸ்-வித் 100%, ஹைட் (உயரம்) ஆட்டோ.

பதில் 2: எல்லாவற்றுக்கும் டிவ் வேண்டாம். மெனுவுக்கு நேவ் டேக், முக்கிய உள்ளடக்கத்துக்கு ஒரே ஒரு மெயின், தனித்து நிற்கும் பதிவுக்கு ஆர்ட்டிகிள். வெறும் அலங்காரத்துக்கு டிவ் இருக்கலாம், தப்பில்லை. எழுத்து சிறிதாக வேண்டுமென்று எச்1 தலைப்புக்கு அடுத்து எச்4 தலைப்பு போடாதீர்கள். ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பலர் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் படிக்கிறார்கள். அளவை சிஎஸ்எஸ்ஸில் மாற்றுங்கள்.

கேட்டவர்: டேக் சேர்த்ததும் எழுத்து சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் பக்கம் இடவலமாக நகர்கிறது.

பதில் 1: வித் 100% உள்ள பெட்டிக்கு பேடிங்கும் (உள் இடைவெளி) கொடுத்திருப்பீர்கள். இரண்டும் கூடித் திரையைத் தாண்டுகிறது. பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் ஆக்குங்கள், பேடிங் அந்த 100%-க்குள்ளேயே அடங்கிவிடும்.