எம்.ஜி.ஆருக்கு ஏழைகள் ஓட்டுப் போட்டது மயக்கத்திலா, கணக்குப் பார்த்தா?

மேலவீதி: 1984ல் மனிதர் அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருக்கிறார், தொகுதிப் பக்கமே வரவில்லை, ஆண்டிபட்டியில் ஜெயிக்கிறார், கட்சியும் ஆட்சியைப் பிடிக்கிறது. இதை சினிமா மயக்கம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பத்து வருட ஆட்சியில் எந்தப் பணக்காரனிடம் எதைப் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தார், யாராவது சொல்லுங்கள். படத்தில் சாட்டையைச் சுழற்றியது கணக்கில் வராது.

வெள்ளாத்துக்காரன்: அது இந்திரா காந்தி கொல்லப்பட்ட இரண்டே மாதத்தில் நடந்த தேர்தல், காங்கிரஸ் கூட்டணி வேறு. மயக்கம்தான் என்றால் 1980 ஜனவரிக்கு என்ன சொல்வீர்கள்? பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9000 ரூபாய்தான் என்று 1979ல் வரம்பு போட்டார். ஏழைக்கே போய்ச் சேரட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் மக்களவைத் தேர்தலில் 39க்கு 2 தொகுதி. பிறகு அந்த வரம்பை எடுத்துவிட்டு, 31 சதவீதத்தை 50 ஆக்கினார், சில மாதத்தில் அதே ஜனங்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். மயங்கிக் கிடப்பவன் இப்படி அடிக்கவும் மாட்டான், அணைக்கவும் மாட்டான்.

மேலவீதி: அந்த ஜனவரியில் திமுகவும் காங்கிரஸும் சேர்ந்து நின்றதை வசதியாக விட்டுவிட்டீர்களே. சரி, கிடக்கட்டும். நான் கேட்பது காசு. 1981ல் மதுவிலக்கை எடுத்தார், சாராயக் கடைகள் ஏலம் போயின, 1983ல் டாஸ்மாக் வந்தது. சாராயத்துக்குக் காசு கொடுத்தது யார், மில் முதலாளியா? கூலிக்காரன் குடித்துக் கொடுத்த பணத்தில் அவன் பிள்ளைக்கே சோறு போட்டுவிட்டு வள்ளல் பட்டம். இன்னொரு பக்கம் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார், பணம் உள்ளவன் அதிலும் பணம் பார்த்தான்.

அலுமினியத்தட்டு: நீங்கள் இரண்டு பேரும் சொல்வது எங்கள் ஒரே வீட்டில் நடந்தது. 1982 ஜூலையில் சத்துணவு வந்தபோது எனக்கு ஏழு வயது. காமராஜர் காலத்து மதிய உணவு ஏற்கெனவே இருந்தது என்பார்கள், எங்கள் பள்ளியில் நான் பார்த்ததில்லை. அப்பாவின் கூலியில் பாதி சாராயக் கடைக்குப் போகும். அம்மாவுக்குச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. அம்மா தொட்டதைச் சாப்பிட மாட்டோம் என்று இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தூக்குவாளியோடு வந்தார்கள், அப்புறம் அவர்களும் வரிசையில் உட்கார்ந்தார்கள். அம்மா கடைசி வரைக்கும் இரட்டை இலைதான். ஏன் என்று கேட்டால் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது, "மாசம் பொறந்தா என் கையில சம்பளம்" என்பாள். இதை மயக்கம் என்றால் எனக்குக் கோபம் வரும் சார்.

மேலவீதி: கோபப்படாதீர்கள் அம்மா, உங்கள் தாயாரை நான் குறை சொல்லவில்லை. அப்பா யாருடைய வயலில் கூலிக்குப் போனார்? அந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது?

அலுமினியத்தட்டு: அதே குடும்பத்திடம்தான். போன வருடத்திலிருந்து பிளாட் போட்டு விற்கிறார்கள். நானும் விலை கேட்டேன், கட்டுப்படியாகாது.