பாதாம் பிசின் ஊறாமல் கரைந்து போகிறது, கலப்படமா?

தோட்டக்காரன்:
மலேசியாவில், சுங்கை சிப்புட் மளிகைக்கடையில் இரண்டு தடவை பாதாம் பிசின் வாங்கினேன். முதல் பாக்கெட் ராத்திரி ஊறப்போட்டதும் காலையில் ஜெல்லியாகப் பொங்கி நின்றது. இரண்டாவது சுத்தமாகக் கரைந்து, தண்ணீர் கையில் ஒட்டுகிறது. குடிக்கலாமா?

பிசின்பித்தன்:
பிசின் மாறியிருக்கும். பாதாம் பிசின் கரையாது, ஊறி உப்பும். முழுக்கக் கரைவது வேலம்பிசின் வகை. இரண்டும் தேன் நிறக் கட்டிகள்தான், டப்பாவில் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். சீனர் கடையில் 'தாவ் ஜியாவ்' என்று விற்பது பீச் மரப் பிசின். அதுவும் உப்பும் சாதி. மாவு கலந்திருக்குமோ என்று சந்தேகமிருந்தால் கரைசலில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். நீலமானால் மாவு இருக்கிறது. அயோடின் விட்டதைக் கொட்டிவிடுங்கள். எதுவென்று உறுதியாகத் தெரியாததைக் குடிக்க வேண்டாம்.

பச்சிலை:
உப்பும் பிசினுக்கு அளவு: 2 டீஸ்பூன், 1 லிட்டர் தண்ணீர், 10 முதல் 12 மணி நேரம். சின்னப் பாத்திரம் வேண்டாம், பொங்கி வழியும். கட்டியைப் பிட்டுப் பாருங்கள்; நடுவில் கண்ணாடி மாதிரி கடினமாக இருந்தால் இன்னும் ஊறவில்லை. அரைகுறையாக ஊறியதை விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். பட்டைத் துணுக்கைப் பொறுக்கிவிட்டு அலசி வடிகட்டுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள், புளிப்பு வாசம் வந்தால் குப்பைக்கு. 'சூடு தணிக்கும்' என்பார்கள். எனக்குத் தெரிந்து இது நார்ச்சத்து, தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். மாத்திரை சாப்பிடுபவர்கள் 2 மணி நேரம் இடைவெளி விடட்டும்.

தோட்டக்காரன்:
அப்போ கரைந்த பாக்கெட் வீணா?

பிசின்பித்தன்:
வீணாவது! கோந்து காய்ச்சலாம். 40 கிராம் பொடி, 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். பொடிமேல் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் ஒட்டி உள்ளே காய்ந்த உருண்டை நிற்கும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே பொடியைத் தூவுங்கள். ராத்திரி விட்டு, நுரை அடங்கியதும் துணியில் வடிகட்டவும். பூஞ்சை பிடிக்கும், ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் போதும். காகிதத்துக்குச் சரி, ஈரம் பட்டால் விட்டுவிடும்.

ஆலைகளில் பெரும்பாலும் சூடான் பக்கத்து வேலம்பிசின்தான். ஆரஞ்சு பான டின்னில் 'ஈ414' என்ற உணவுச் சேர்ப்பு எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். இதிலுள்ள கொஞ்சம் புரதம் எண்ணெய்த் துளியைச் சுற்றிப் படலம் கட்டுவதால் பழ எண்ணெய் மேலே மிதக்காது. வாட்டர் கலர், மாத்திரை, இருமல் மிட்டாய் எல்லாவற்றிலும் உண்டு. நம்மூர்க் கித்தாப் பாலை (ரப்பர் மரப் பால்) இதோடு சேர்க்காதீர்கள்; காய்ந்தால் தண்ணீரில் ஊறவும் ஊறாது, கரையவும் கரையாது.