பெட்ரோல் கணக்கு மட்டும் ஏன் உதைக்கிறது?

கணக்குநோட்டு:
வீட்டுச் செலவை எழுதி வைக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. மற்றதெல்லாம் ஒதுக்கிய தொகைக்குள் அடங்கிவிடுகிறது, பெட்ரோல் மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. அலுவலகம் 14 கி.மீ., போக வர 28, மாதம் 22 நாள். மாமனார் வீடு 35 கி.மீ., மாதம் இரண்டு தடவை. மொத்தம் 756 கி.மீ. கார் வாங்கும்போது லிட்டருக்கு 18 கி.மீ. தரும் என்றார்கள். ஆக, 42 லிட்டருக்குப் பணம் ஒதுக்குகிறேன். ஆனால் சில மாதம் இரண்டு தடவை டேங்க் நிரப்புகிறேன், சில மாதம் மூன்று. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 35 லிட்டர் பிடிக்கிறது. நோட்டைப் பார்த்துவிட்டு மனைவி, "இது கணக்கா, கதையா?" என்கிறாள். எங்கே தப்பு?

பழைய ஓட்டுநர்:
அந்த 18-ஐ முதலில் அடித்துவிடுங்கள். அது சோதனைக்கூடத்தில் வந்த எண். உங்கள் சாலைக்கும் உங்கள் காலுக்கும் வேறு எண் வரும். முழு டேங்க் நிரப்பி, குழாய் தானாக நின்றதும் ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அதேபோல் நிரப்புங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். ஒரு தடவையோடு நிறுத்த வேண்டாம், மூன்று நான்கு தடவை பார்த்து சராசரி எடுங்கள். டயர் காற்றையும் பாருங்கள். காற்று குறைந்த டயர் சத்தமில்லாமல் பெட்ரோல் குடிக்கும்.

மாதக்கடைசி:
இரண்டா மூன்றா என்ற குழப்பம் காலண்டரால் வருவது. 30-ஆம் தேதி நிரப்பும் பெட்ரோல் பெரும்பாலும் அடுத்த மாதம் ஓடப்போவது. நான் மாதாமாதம் ஒரே தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். மீந்தால் அதிலேயே கிடக்கும், மூன்று தடவை நிரப்பும் மாதத்தில் அதுவே கை கொடுக்கும். மீந்ததே என்று வேறு செலவுக்கு எடுத்தால் தொலைந்தோம் (எடுத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்). இன்னொன்று, பணத்தை எழுதாமல் லிட்டரை எழுதுங்கள். விலை ஏறியதால் செலவு கூடியதா, நாம் அதிகம் ஓட்டியதால் கூடியதா என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும். வெளியூர்ப் பயணத்துக்குப் போடும் பெட்ரோலை இதில் சேர்க்காதீர்கள், அது பயணச் செலவு.

கணக்குநோட்டு:
இரண்டு மாதம் அளந்து பார்த்துவிட்டு வருகிறேன். சராசரி 15 தான். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. மகனின் நீச்சல் வகுப்பு 4 கி.மீ. தூரம்தானே என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை. கொண்டு விட்டு வீடு திரும்பி, மறுபடி போய்க் கூட்டி வந்தால் ஒரு நாளைக்கு 16 கி.மீ. வாரம் மூன்று நாள். மாதம் 208 கி.மீ. ஆகிறது, மாமனார் வீட்டைவிட அதிகம்! பாவம், இத்தனை நாளும் பழியை அவர் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். கடை, மருந்து என்று இன்னொரு 100. எல்லாம் சேர்த்து 1064 கி.மீ., 71 லிட்டர்.

பழைய ஓட்டுநர்:
நான்கு கி.மீ. ஓட்டத்தில் என்ஜின் சரியாகச் சூடாவதற்குள் இடம் வந்துவிடும். சூடாகாத என்ஜின் அதிகம் குடிக்கும். உங்கள் 15-ஐ இழுத்துப் பிடிப்பதில் அந்த வகுப்புக்கும் பங்கு உண்டு. வகுப்பு முடியும் வரை அங்கேயே இருந்துவிட்டால் என்ன? ஆனால் ஏசி போட்டுக்கொண்டு காரில் உட்காராதீர்கள், நின்ற இடத்திலேயே மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும்.

கணக்குநோட்டு:
சரி, நானும் அதைத்தான் யோசித்தேன். இருந்துவிட்டால் மாதம் 104 கி.மீ. மிச்சம், சுமார் 7 லிட்டர். இருந்தாலும் இப்போதைக்கு 75 லிட்டர் என்றே எழுதியிருக்கிறேன். மாதம் முதல் தேதி அன்றைய விலையால் பெருக்கி எடுத்து வைத்துவிடுவேன். நேற்று முக்கால் மணி நேரம் குளத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மகனுக்கு நீச்சல் இன்னும் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.