புதுப்பிப்பு: சார்ஜர் மாட்டினால் ஸ்பீக்கரில் உர்ர்ர் சத்தம் - சரியாகிவிட்டது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கேரளாவில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில், லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் பேண்டின் ரசிகர்கள் கொஞ்சம் பேர் கூடி, அந்த பேண்டின் 2024-ஐப் பாட்டும் வீடியோவுமாகத் திரும்பிப் பார்க்க ஏற்பாடு செய்தோம், ஒத்திகையில் லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டதுமே ஸ்பீக்கர் உறும ஆரம்பித்துவிட்டது.

வேலை செய்தது, லேப்டாப், மிக்சர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டச் சொன்ன யோசனைதான். ஆடியோ கேபிளை மாற்றியதில் ஒரு பயனும் இல்லை. எதிர்பாராதது என்னவென்றால், புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ வயரைச் செருகியதும் சத்தம் திரும்ப வந்தது, ஏனென்றால் புரொஜெக்டருக்குக் கரண்ட் எதிர்ச் சுவர் பிளக்கிலிருந்து, இரண்டு பிளக்கின் எர்த்தும் கேபிள் வழியாகச் சேர்ந்தால் இந்த உறுமல் வரும். மைக் செட்டுக்கார அண்ணன் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் ஒரு டிஐ பாக்ஸை (ஆடியோ சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) போட்டு, அதிலிருந்த, ஆடியோ வயரின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினார், சட்டென்று நின்றது. சார்ஜரின் எர்த் பின்னை உடைக்கச் சொன்னவருக்கு ஒரு கும்பிடு, அதை யாரும் செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.

அப்புறம் நிகழ்ச்சி. பேண்டின் புதுப் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங்கை அறிமுகப்படுத்திய செப்டம்பர் 5-இல் தொடங்கி, நவம்பர் 15-இல் வந்த 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பம் வரை போட்டோம். மறைந்த பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இருந்த இடத்தில் வேறு குரலா என்று தமிழும் மலையாளமும் கலந்து சண்டை. நான் எமிலி பக்கம். 'ஹெவி இஸ் தி கிரவுன்' பாட்டின் அந்த நீண்ட அலறல் வந்தபோது சண்டை போட்டவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.